ஞாயிற்றுக்கிழமைப் பாஸ்தா

அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மருத்துவமனைகளிலிருந்து வரும் வாய் அச்சுகளில் சாந்து ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, அதில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பது அவள் வேலை. ஊரில் பாதிக் கிழவர்கள் அவள் கைப்பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று கூடத்தில் ஒரு கேலி உண்டு. அவளுடைய சொந்தப் பல் கொஞ்சம் எடுப்பு. அதைப் பற்றி வேறு யாராவது வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிச் சிரித்துவிடுவாள். அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்தவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்பது அவள் கணக்கு.

அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்று சொன்னால் அது சரியில்லை. சமைக்கப் பிடிக்காது. அப்பா கடைசி மூன்று வருடம் குழாய் வழியாகக் கஞ்சி குடித்த வீட்டில், அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், அடுப்பு என்பது வெந்நீர் வைக்கிற சாமான் என்ற அளவில் அவளுக்கு நின்றுபோயிற்று. இருபத்தேழு வயதில் ஒரு துணிக்கடை விற்பனையாளரைக் கட்டிக்கொண்டாள். எட்டு மாதம். ஒருநாள் அவர் தன் சட்டைகளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு, "இந்த வீட்ல பேசுறதுக்கு ஆளே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மைதான் என்று அவளுக்கும் பட்டதால் தடுக்கவில்லை. அதன் பிறகு காலையில் இரண்டு பன், மதியம் கூடத்துக்கு எதிரே உள்ள கேன்டீன், மாலையில் ரொட்டியும் வேகவைத்த முட்டையும். பசி எடுக்கும், அடங்கும். அதற்கு மேல் அதில் பேச்சில்லை.

அவளுக்கு ஓர் அண்ணன். ஆறு வயது மூத்தவர். பத்தொன்பது வயதில் சரக்குக் கப்பலில் பாத்திரம் கழுவப் போனவர், முப்பது வருடத்தில் தலைமைச் சமையற்காரர் ஆகியிருந்தார். கப்பலில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்தாலும் அக்கம்பக்கத்தில் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் வீடு கொள்ளாத பேச்சு. ஒருமுறை வெளிநாட்டிலிருந்து அவளுக்கு மெழுகு செதுக்கும் கத்திகள் ஏழு, தோல் உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வாழ்க்கையில் யாராவது அவள் வேலையைக் கவனித்து வாங்கிக் கொடுத்த ஒரே பொருள் அதுதான். அந்த அண்ணனைத்தான் அவளுக்குத் தெரியும்.

பிறகு ஒரு புயல் மழையில், கப்பலின் சாமான் அறைக்கு இறங்கும் இரும்பு ஏணியில் மாவு மூட்டையோடு சறுக்கி, பின்மண்டை படியில் அடிபட விழுந்தார். இரண்டு மாதம் ஏதோ ஒரு துறைமுக ஆஸ்பத்திரியில் கிடந்தார். வலது கை தொங்கிப்போயிற்று. வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்க முடிந்தது. கம்பெனி அவரை ஒரு பெட்டியோடும் நீளக் கைப்பிடி வைத்த ஒரு வாணலியோடும் தங்கையின் இரண்டு அறை வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டது.

"நாக்குக்கு ஒண்ணும் ஆகல, அதுவே பெரிய விஷயம்" என்று கூட வந்த கம்பெனி ஆள் சொன்னார். பேச்சு போகவில்லை என்கிற அர்த்தத்தில்தான் சொன்னார்.

முதல் வாரமே தெரிந்துவிட்டது, அந்த நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று. கேன்டீன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மாஸ்டர் அதை இடது கையால் மேசையின் ஓரம்வரை தள்ளினார். ஓரத்தில் நின்றதை ஒரு விரலால் தட்டிவிட்டார். பொட்டலம் தரையில் விழுந்து சிதறியது.

"இத நீ இவ்வளவு வருஷமா தின்னுட்டு இருந்தியா?"

"பசிச்சா சாப்பிடுவேன்."

"மாடும் பசிச்சாத்தான் சாப்பிடுது. நாளைல இருந்து நீ சமைக்கிற. நான் சொல்றேன், நீ செய். உனக்குக் கை இருக்கு, எனக்கு மூளை இருக்கு."

அவள் தரையைத் துடைத்தாள். அடிபட்ட மனுஷன், விரக்தியில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். தன் நாற்காலியை மாஸ்டர் சமையலறை வாசலுக்கு நேராக, அடுப்பு தெரிகிற மாதிரி இழுத்துப் போடச் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு வருடம் அந்த நாற்காலி நகரவில்லை.

வார நாள்களில் ஏதோ எளிய சாப்பாட்டோடு விட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாஸ்தா. அவருடைய கப்பலில் ஏழெட்டு நாட்டு ஆள்கள் இருந்தார்களாம். எவனுக்கும் எவன் சாப்பாடும் பிடிக்காதாம். இந்த ஒன்றில் மட்டும் தட்டை வழித்துவிட்டு எழுந்து போவார்களாம். இறால், கணவாய், பூண்டு, மிளகாய்த் தூள், எலுமிச்சை, எண்ணெய். அவ்வளவுதான். "சின்னப் பிள்ளைகூட செஞ்சிடும்" என்பார்.

அது எவ்வளவு எளிது என்று அவர் சொன்னாரோ, அவ்வளவு வசதியாக அவளைத் திட்ட முடிந்தது. கடினமான சமையலில் தப்பு செய்தால் மன்னிப்பு உண்டு.

ஞாயிறு காலை அவள் மீன் சந்தைக்குப் போவாள். மீன்காரம்மா இறாலைத் தலையோடு நிறுத்துப் போடுவார். வீட்டில் வந்து தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பைக் கத்தி நுனியால் இழுப்பாள். அந்த ஒரு வேலை மட்டும் அவளுக்குச் சுளுவாக வந்தது. மெழுகு செதுக்கிய கை. பிறகு அந்தத் தலைகளையும் ஓடுகளையும் எண்ணெயில் வதக்கி, நசுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சாறு எடுக்க வேண்டும். பூண்டை நசுக்கக் கூடாது, தாள் மாதிரி சீவ வேண்டும். அது பொன்னிறம் ஆவதற்கு ஒரு மூச்சு முன்னால் மிளகாய்த் தூள். பிறகு சாறு. கணவாய் வளையங்கள் ஒரே நிமிஷம், இல்லையென்றால் செருப்பு ரப்பர். இறால் வளைந்து சிவந்தால் போதும். பாஸ்தாவை அரை வேக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுத்து, அது வெந்த கலங்கல் தண்ணீரில் ஒரு கரண்டியோடு வாணலியில் போட்டுச் சுண்ட வைத்தால், எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகி ஒவ்வோர் இழையிலும் ஒட்டும். கடைசியில் எலுமிச்சை.

மாஸ்டர் வாசலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருப்பார். "எடு. எடுன்னா எடு. கல்லு மாதிரி நிக்கிற."

முதல் ஞாயிறு கணவாய் ரப்பர் ஆனது. அடுத்த ஞாயிறு பூண்டு கருகியது. அதெல்லாம் உண்மையான தப்பு, அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால் மூன்று மாதம் கழித்து, அவள் கை ஓரளவு பழகிய பிறகும் தப்பு தீரவில்லை. மாஸ்டர் தட்டுக்கு மேல் குனிவார், கண்ணை மூடுவார், மூக்கால் ஆழமாக இழுப்பார். பிறகு ஒரு வாய். பிறகு முள்கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்ப்பார்.

"இறால் தலைய வதக்கல நீ. அவிச்சிருக்க."

"வதக்கினேன் அண்ணா. நீ பாத்துட்டுதானே இருந்த."

"நான் பாத்தது எனக்குத் தெரியும். மூக்கு பொய் சொல்லாது."

அவளுக்கு எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? முப்பது வருடம் கடலில் சமைத்தவர் அவர். பன் தின்று வளர்ந்தவள் இவள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அடுத்த வாரம் தலைகளை இன்னும் அதிக நேரம் வதக்குவாள். அடுத்த வாரம் அது கருகல் ஆகிவிடும்.

அவர் திட்டும்போது குரலை உயர்த்த மாட்டார். நிதானமாக, சுவை பார்த்துப் பார்த்துப் பேசுவார். "இந்தக் கையாலதான் ஊருக்குப் பல்லு செய்யிறியா? பாவம் ஜனங்க." "இறாலுக்கு உயிர் போனது ஒரு தடவ, நீ அத ரெண்டாவது தடவ கொன்னுருக்க." எதிர்வீட்டு டீச்சர் ஒரு ஞாயிறு ஏதோ கேட்க வந்து நின்றபோது, தட்டைக் காட்டி, அதே நிதானத்தில் சொன்னார்: "பாருங்க டீச்சர், இத எட்டு மாசம் தின்னுருக்கான் ஒரு மனுஷன். அவன் ஓடிப்போனதுல என்ன ஆச்சரியம்?"

டீச்சர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பாதி சிரித்துவிட்டுப் போனார். பல்லக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். அந்தத் துணிக்கடைக்காரருக்கு அவள் ஒருநாளும் பாஸ்தா செய்ததில்லை. அதை மாஸ்டரும் அறிவார்.

அன்றைக்குப் பிறகு அவள் கூடத்தில் தன் எடுப்புப் பல்லைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். காரணம் யாருக்கும் தெரியாது. வேலை ஒழியும் நேரத்தில் மெழுகுத் துண்டுகளில் கணவாய் வளையம் செதுக்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்து நாற்காலிப் பெண் பார்த்திருக்கிறாள்.

இப்படி இரண்டாவது வருடமும் முக்கால்வாசி போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டர் குளியலறையில் இருந்த நேரம், அடுப்பு வேலைக்கு நடுவில் பல் கூடத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் காலை அவசரமாக ஒரு முழு வாய்ப் பல் செட்டு வேண்டுமாம். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே வாணலியைக் கிளறி, தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். மாஸ்டர் குனிந்தார், கண்ணை மூடினார், இழுத்தார்.

"பூண்டு பச்சையா இருக்கு" என்றார். "கடிச்சா நெடி மண்டைக்கு ஏறுது. எத்தன தடவ சொல்றது, பொறுமையா வதக்குன்னு?"

அவள் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுத் தன் தட்டை எடுக்க உள்ளே போனாள். அடுப்புக்குப் பக்கத்தில், மூடி போட்ட சின்னக் கிண்ணம் இருந்தது. மூடியைத் தூக்கினாள். சீவிய பூண்டு, ஏழு பல், தாள் தாளாக, வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது. வாணலியில் ஒரு துண்டுகூடப் போடவில்லை.

பல்லக்கா கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முதலில் தோன்றியது, பாவம் அண்ணா விளையாடுகிறார் என்று. அவர் விளையாடுகிற ஆள் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரிந்து வீடு முழுக்கப் புகை நாற்றம். மாஸ்டர் பத்தடி தூரத்தில் மேசையருகே முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டேன் என்றார். குளிர்பெட்டிக்குள் ஒரு மீன் பொட்டலம் கெட்டுப்போய் அவள் வாந்தி எடுக்கிற நிலைக்கு வந்தபோது, அவர் அந்தக் கதவைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு மூடினார்.

மறுநாள் கூடத்துக்குப் பல் டாக்டரம்மா வந்திருந்தார். பல்லக்கா செட்டைப் பொதிந்து கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"மேடம், தலையில அடிபட்டா வாசனை தெரியாமப் போகுமா?"

"பின்மண்டையில பலமா அடிபட்டா சில பேருக்குப் போயிடும். பெரும்பாலும் திரும்ப வராது. ஏன், யாருக்கு?"

"தெரிஞ்சவங்க. அப்போ சாப்பாட்டு ருசி?"

"உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம். நாக்குல அதுதான் தெரியும். மிச்சத்தையெல்லாம் ருசின்னு நாம நினைக்கிறோம், அது மூக்கு. பாவம், அவங்களுக்குச் சோறும் பஞ்சும் ஒண்ணுதான்."

"பாவந்தான்" என்றாள் பல்லக்கா.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு உண்மையிலேயே பாவமாகத்தான் இருந்தது. நேராகப் போய், அண்ணா எனக்குத் தெரியும், இனிமேல் கஷ்டப்படாதே என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள். கதவைத் திறந்தபோது மாஸ்டர் எதிர்வீட்டு டீச்சரிடம் வாசலில் பேசிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுப் பல்லு வந்துடுச்சு" என்றார், அவளைப் பார்க்காமலே. டீச்சர் இந்த முறை முழுதாகச் சிரித்தார். பல்லக்காவும் சிரித்தாள். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் ஒரு காரியம் செய்தாள். மாஸ்டர் எழுந்து மேசைக்குப் போன பிறகு, தன் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அவர் பங்கில் கேக்குக்கு ஊற்றுகிற வெனிலா எசன்ஸ் இரண்டு தேக்கரண்டி விட்டுக் கிளறினாள். சமையலறை பிறந்தநாள் வீடு மாதிரி மணத்தது. தட்டைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து பார்த்தாள்.

மாஸ்டர் குனிந்தார். கண்ணை மூடினார். நெஞ்சு விரிய இழுத்தார்.

"ம்" என்றார். "இன்னைக்குக் கடல் வாசனையே இல்ல. ஐஸ்ல ரொம்ப நாள் கெடந்த சரக்கு. மீன்காரி உன்ன நல்லா ஏமாத்திட்டா."

அவர் தட்டை முடிக்கும்வரை அவள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பிறகு உள்ளே போய்த் தன் பங்கை நின்றபடியே சாப்பிட்டாள். ஒரு வாய் வைத்ததும் கை நின்றது. அது நன்றாக இருந்தது. பூண்டு ஓரம் மட்டும் சிவந்து, இறால் தலைச் சாறு ஒவ்வோர் இழையிலும் பிடித்து, கணவாய் பல்லில் பட்டதும் வழிவிட்டது. எத்தனை மாதமாக இது இப்படி இருந்திருக்கும்? அவர் குறை சொல்லிச் சொல்லி, தன் வாயில் இருந்ததையே அவள் நம்பாமல் தின்றிருக்கிறாள். பாவம் என்று மிச்சமிருந்த ஒன்று அந்த வாயோடு போயிற்று.

அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. நாலைந்து வாரம் வழக்கம்போல நல்லதாகவே சமைத்து, வழக்கம்போலத் திட்டு வாங்கிக்கொண்டாள். திட்டு இப்போது வேறு மாதிரி கேட்டது. ஆள் இல்லாத வீட்டில் ரேடியோ ஓடுகிற மாதிரி.

மாஸ்டரோடு பதினைந்து வருடம் ஒரே கப்பலில் வேலை பார்த்தவர் ஒருவர் உண்டு. இயந்திர அறையில் இருந்தவர். என்ஜின்காரர் என்றுதான் மாஸ்டர் சொல்வார். இப்போது ஓய்வு. போனில் பேசுவார், வருகிறேன் வருகிறேன் என்பார். ஒரு மாலை பல்லக்காவே போனை வாங்கி, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாங்கண்ணே. அண்ணாவோட பாஸ்தா செய்யிறேன்" என்றாள்.

மாஸ்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அந்த வாரம் முழுக்கக் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார். இறால் இந்த அளவு, கணவாய் அந்த அளவு, தட்டு இப்படி. சனிக்கிழமை முடி வெட்டிக்கொண்டார். ஞாயிறு காலை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை அவளைத்தான் மாட்டிவிடச் சொன்னார். பொத்தான் போடும்போது, "மானத்த வாங்கிடாத" என்றார்.

என்ஜின்காரர் காது கொஞ்சம் மந்தமான, பெரிய உருவம் கொண்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். பழங்கதை பேசி இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அந்த மாதிரிச் சிரிப்பை அவள் கேட்டு நெடுநாள் ஆயிற்று. என்ஜின்காரர் தட்டும் அவள் தட்டும் ஒரே வாணலியிலிருந்து. மாஸ்டர் தட்டு வேறு.

என்ஜின்காரர் ஒரு வாய் வைத்தார். மென்றார். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மாஸ்டர், இது அதேதான். அந்தக் கப்பல்ல சாப்ட அதேதான். கண்ணு கலங்குது எனக்கு."

"உனக்கு என்ன தெரியும்? டீசல் குடிச்சே வளந்தவன்." மாஸ்டர் தன் தட்டுக்கு மேல் குனிந்தார். கண்ணை மூடி இழுத்தார். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று இன்னும் கொஞ்சம் நீளமாக இழுத்தார். "பூண்டு பரவால்ல. இறால் தலை மட்டும் ஒரு நிமிஷம் கூடப் போயிடுச்சு. பாரு, ஒரு கருகல் வாசம் அடியில வருது. இவளுக்கு மூக்கே கிடையாது. நான் எவ்வளவு சொன்னாலும்."

"கருகலா? எனக்குத் தெரியலையே" என்று என்ஜின்காரர் கொஞ்சம் எட்டி, உரிமையாக, தன் முள்கரண்டியால் மாஸ்டர் தட்டிலிருந்து ஓர் இழை எடுத்தார். பாதி தூரத்திலேயே அவர் கை நின்றது. முகர்ந்தார். வாயில் வைத்தார். மாஸ்டரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நல்லாருக்கு" என்றார் மெல்ல. "விடு மாஸ்டர், சாப்பிடு."

அவர் மூடி மறைக்கப் பார்க்கிறார் என்று பல்லக்காவுக்குப் புரிந்தது. அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம்.

"அண்ணா, சரியா சொல்லு" என்றாள். "உன் தட்டுல என்னென்ன வாசன வருது? நான் கத்துக்கணும்ல."

"அதான் சொன்னேனே. பூண்டு. இறால் தலை."

"வேற?"

"எலுமிச்ச."

"வேற?"

"விடும்மா" என்றார் என்ஜின்காரர்.

"இருங்கண்ணே. அண்ணா, வேற ஒண்ணும் வரலையா? நல்லா இழுத்துப் பாரு."

மாஸ்டர் மறுபடி குனிந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பது வெள்ளைக் காலருக்கு மேலே தெரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது, எதுவோ இருக்கிறது என்று. என்னவென்றுதான் தெரியவில்லை.

"கொஞ்சம் மிளகு" என்றார்.

"பூண்டு போடல அண்ணா. இறால் தலச் சாறும் ஊத்தல. வெறும் தண்ணில அவிச்சது. கேக் எசன்ஸ் அரை பாட்டில் ஊத்தியிருக்கேன். அவங்களுக்கு வாய்கிட்ட கொண்டுபோறதுக்குள்ளயே அடிச்சிடுச்சு."

பக்கத்து வீட்டில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் வந்தது. என்ஜின்காரர் தன் பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருந்தார். மாஸ்டர் இடது கையால் முள்கரண்டியை எடுத்தார். ஒரு வாய் எடுத்து மென்றார். இன்னொரு வாய். தலை நிமிராமல் அந்தத் தட்டைக் கடைசி இழைவரை சாப்பிட்டு முடித்தார். இடது கை பழகாததால் இரண்டு இழை வெள்ளைச் சட்டையில் விழுந்து எண்ணெய்க் கறை படர்ந்தது. அவர் துடைக்கவில்லை.

என்ஜின்காரர் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அவளிடம் மட்டும் கேட்கும்படி, "நான் வந்துருக்கவே கூடாதும்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை.

மாஸ்டர் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், அவள் வேலைக்குப் புறப்படும்போது, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியிலயே தெரியும். நர்ஸு ஸ்பிரிட் வச்சுத் துடைச்சா. ஒண்ணும் வரல. யார்கிட்டயும் சொல்லல."

அவள் பையை மாட்டியபடி நின்றாள். "அப்புறம் எதுக்கு என்ன அவ்வளவு பேசின?"

"பூண்டு கருகிடுச்சுன்னு சொல்லும்போது, ஒரு நொடி, கருகின பூண்டு மூக்குல வந்துட்டுப் போற மாதிரி இருக்கும். திட்டினாத்தான் வரும். நல்லாருக்குன்னு சொன்னா ஒண்ணுமே வராது."

இதைக் கேட்டால் எந்தத் தங்கைக்கும் மனசு இளகும். பல்லக்காவுக்கும் இளகியது. ஆனால் அதே நேரத்தில் டீச்சரின் பாதிச் சிரிப்பும் நினைவுக்கு வந்தது. அவர் ஒரு நொடி வாசனைக்காக அவளை இரண்டு வருடம் அடுப்பில் வைத்து வதக்கியிருக்கிறார்.

"டீச்சர்கிட்ட என் புருஷனப் பத்திச் சொன்னியே, அப்போ என்ன வாசனை வந்துச்சு?" என்று கேட்டாள்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அதன் பிறகு வீட்டில் சண்டையே இல்லை. மாஸ்டருக்கு மூன்று வேளையும் ரொட்டி, வேகவைத்த முட்டை, உப்பு. ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். "உனக்கு எல்லாம் ஒண்ணுதானே" என்று முதல் முறை தட்டை வைக்கும்போது சொன்னாள். திட்டாக இல்லாமல், மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில் சொன்னாள். அவர் முட்டையை எடுத்துக் கடித்தார்.

பாஸ்தாவை அவள் விடவில்லை. அதுதான் விசித்திரம். சமைக்கவே பிடிக்காதவள், ஞாயிறுதோறும் சந்தைக்குப் போய்க் கைப்பிடி இறாலும் ஒரு கணவாயும் தனக்கு மட்டும் வாங்கிவந்தாள். யாரும் எண்ணாததால், எடு எடு என்று விரட்டாததால், கை தானாக நிதானத்துக்கு வந்தது. கூடத்தில் உள்ளவர்களுக்கு ஒருநாள் டப்பாவில் கொண்டுபோனாள். அவர்கள் எந்தக் கடை என்று கேட்டார்கள். நான்தான் என்றபோது நம்பவில்லை. அவளுக்கு இந்த வயதில் ஒரு விஷயம் நன்றாக வந்துவிட்டதே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிறு, மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் தட்டில் முட்டை, அவள் தட்டில் பாஸ்தா. மாஸ்டர் நெடுநேரம் அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா? தலச் சாறு எப்படி வந்துருக்கு? இனிப்பு தட்டுதா, இல்ல அந்தக் கரிப்பு முன்னால நிக்குதா?"

அவளுக்குச் சொல்லத் தெரியும். இப்போது அவரைவிட நன்றாகத் தெரியும். அந்த முதல் வாயில் சாறு இனிப்பாக வந்து, பின்னால் கடல் கரித்து, அதற்கும் பின்னால் பூண்டு மெல்ல எட்டிப் பார்ப்பதை வார்த்தை வார்த்தையாக அவருக்கு ஊட்டியிருக்கலாம். அவர் கண் அதற்காகத்தான் காத்திருந்தது.

"நல்லாருக்குன்னா நல்லாருக்கு அண்ணா" என்றாள். "சாப்பாடு, வேற என்ன?"

அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கு அடுத்த ஞாயிறும் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு, அவள் முகத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தார். அவள் கண் எந்த வாயில் சுருங்குகிறது, எந்த வாயில் மெல்லுவது மெதுவாகிறது என்று பார்த்துப் பார்த்து, தன் இடது கையில் முட்டையை வைத்துக்கொண்டு அவளோடு சேர்ந்து தாடையை அசைத்தார். இரண்டு வாரம் அதைக் கவனித்தாள் பல்லக்கா. மூன்றாவது வாரத்திலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டு நின்றபடி சாப்பிட ஆரம்பித்தாள்.